விருந்தாளிக்கு வேலை கிடையாது

ஸ்ஃபாக்ஸ்,
12 ஜனவரி 2017

ஐன் ரும்மான் சிறுநீரக நோயாளர் சங்கத்தின் செயலாளர் நஸீஹா மேடம் அவர்களுக்கு,

இத்துடன் வரும் பொட்டலத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று பாராட்டுப் பத்திரங்கள் இருக்கின்றன. மூன்றும் உங்கள் சங்கம் எனக்குக் கொடுத்தவை. கண்ணாடி உடையாமலிருக்க என் பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றி வைத்திருக்கிறேன். சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஏன் திருப்புகிறேன் என்று உங்கள் தலைவர் ஹாஜி அம்மார் கேட்பார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

செப்டம்பரில் எங்கள் பொறியாளர் சங்கத்துப் பலகையில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். "எங்களிடம் நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் இரண்டு வருடமாகத் துணி போர்த்திக் கிடக்கின்றன. எட்டு நோயாளிகள் வாரம் மூன்று நாள் எண்பத்திரண்டு கிலோமீட்டர் போய் வருகிறார்கள். பணம் வேண்டாம். தண்ணீரைச் சுத்திகரிக்கத் தெரிந்த ஒருவர், ஆறு நாள், வேண்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் நன்கொடைதான் கேட்பார்கள். முப்பத்து நான்கு வருடம் தண்ணீர்ப் புட்டித் தொழிற்சாலையில் நான் என்ன செய்தேன் என்பதை யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபரில் முதல் தடவை வந்தேன். பேருந்தில் ஆறு மணி நேரம். மேயர் வந்தார். சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி கூஸ்கூஸ் வந்தது. புகைப்படம், பத்திரம், பிறகு கடைசிப் பேருந்து. சரி, முதல் நாள் மரியாதை என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் சோதனைப் பெட்டியோடு வந்தேன். தண்ணீர் அறையின் சாவி வைத்திருப்பவர் மைத்துனர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவியைத் தேடிப் போகிறோம் என்று என்னையும் அழைத்துப் போய்க் கல்யாணத்தில் உட்கார வைத்தீர்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

டிசம்பரில் அந்த அறைக்குள் இருபது நிமிடம் இருந்தேன். உங்கள் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். சுண்ணாம்பு அதிகம், இப்படியே விட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். ஹாஜி அம்மார் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகும் சாப்பாடு வந்தது. பத்திரமும் வந்தது. அதில் "தூய நீரின் நண்பர்" என்று பொன் எழுத்தில் போட்டிருக்கிறது.

மேடம், மூன்று பயணத்தில் நான் செய்த வேலை இருபது நிமிடம். சாப்பிடுவதற்கு எனக்கு வீடு இருக்கிறது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எதைப் பேசினாலும் கடைசியில் "வாங்க, சாப்பிட்டுட்டே பேசலாம்" என்றுதான் முடிக்கிறீர்கள்.

முன்சிஃப்


ஐன் ரும்மான்,
21 ஜனவரி

இன்ஜினியர் முன்சிஃப் அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. கண்ணாடி உடையவில்லை. நல்ல கண்ணாடி, வேறு எதற்காவது உதவும். கம்பளிச் சட்டையைக் குழாய் வேலை செய்யும் கமீஸ் எடுத்துப் போட்டுக்கொண்டார். இங்கே பனி விழுகிறது, நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இருபத்தாறு வருடம் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். யாரும் என்னிடம் இப்படி விடைத்தாளைத் திருப்பி வீசியதில்லை. கல்யாண வீட்டில் நீங்கள் இரண்டாம் முறை கறி வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் விருந்தை வெறுப்பவர்கள் என்று இனி யாராவது சொன்னால் சிரிப்பேன்.

மூன்றாவது நாள் கோபம் இறங்கியது. என் பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இதுவரை முப்பத்தொரு பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆறு பேர் வந்தார்கள். ஒரு சிறுநீரக மருத்துவர் வந்தார், அவரை ரோமானிய இடிபாடுகளைச் சுற்றிக் காட்டி அனுப்பினோம். கணக்காயர் ஒருவர் வந்தார், அவர் கையால் பள்ளிக்கூடப் பைகள் கொடுக்க வைத்தோம். கணினி படித்த பெண்ணைக் குழந்தைகளின் ஓவியப் போட்டிக்கு நடுவராக்கினோம். வழக்கறிஞர் ஒருவரை என்ன செய்தோம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஒலிவ மரம் நட வைத்தோம். மின் பொறியாளரும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் நன்றி சொன்னார்கள், யாரும் திரும்பி வரவில்லை. நீங்கள் ஒருவர்தான் மூன்று தடவை வந்தீர்கள். நீங்கள் ஒருவர்தான் திட்டவும் செய்தீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து எங்கள் மலைக்கு வருகிறவர்கள் போர்வையும் பழைய துணியும் கொண்டுவருவார்கள். தொலைக்காட்சியில் எங்களைக் காட்டும்போது சேற்றில் நிற்கும் குழந்தைகளைத்தான் காட்டுவார்கள். அதனால் ஒருவர் வந்தால் முதலில் அவருக்குத் தட்டு நிறையப் போடுகிறோம். நாங்கள் கையேந்தி நிற்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஹாஜி அம்மாரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த மனுஷன் கையில ஸ்பானரக் குடுக்கச் சொல்றியா? நம்ம மானம் என்ன ஆவுறது?" என்று கேட்டார். தண்ணீரைப் பற்றி அவர் இன்னும் பேசுவதாக இல்லை. அந்த ஊற்றுக் கால்வாயை வெட்டியவர் அவருடைய தாத்தா.

வேறு ஆளைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்க்க மாட்டேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். மழுப்பாமல் எழுதுங்கள்.

நஸீஹா


ஸ்ஃபாக்ஸ்,
31 ஜனவரி

நஸீஹா மேடம்,

இரண்டாம் முறை கறி வாங்கியது உண்மை. அது வேறு விஷயம்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். சாவி என் கையில் இருக்க வேண்டும். கல்யாணம், சுன்னத்து எதுவானாலும் சாவி என் சட்டைப்பையில் இருக்கும். சாப்பாடு வேண்டாம், நான் ரொட்டியும் சூரைமீனும் கொண்டுவருவேன். மேயர் வரக்கூடாது, புகைப்படக்காரர் வரவே கூடாது. எந்த நாளில் என்ன வேலை, யார் செய்வது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், அதில் என் பெயரும் மற்றவர்களைப் போலவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒத்துவராது. நீங்கள் மூன்று தடவையும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அழைத்தீர்கள். ஒரு சின்ன வளையம் தேவைப்பட்டாலும் அன்றைக்குக் கடை இருக்காது. சனிக்கிழமை வருகிறேன்.

முக்கியமான ஒன்று. எனக்கு இரண்டு பேர் வேண்டும். கூடமாட நிற்க அல்ல, கற்றுக்கொள்ள. ஆறு நாளில் நான் போய்விடுவேன், தண்ணீர் தினமும் வரும். அதைத் தினமும் சோதிக்க உங்கள் ஊரில் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் வந்ததே வீண்.

கடைசியாக, உங்கள் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படியுங்கள். ஹாஜி அம்மார் இருக்கும்போது படியுங்கள். ஊற்றை நான் குறை சொல்லவில்லை. மனிதன் குடிக்க அது நல்ல தண்ணீர்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் தண்ணீர் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான். குடிக்கிற தண்ணீரை அங்கே விட முடியாது, எந்த ஊர்த் தண்ணீரையும்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை எல்லோரும் மரியாதையாக நடத்துகிறார்கள். மகன் "நீங்க உக்காருங்கப்பா" என்கிறான். மருமகள் "அத கீழ வைங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். பழைய தொழிற்சாலைக்குப் போனால் காப்பி கொடுத்து, நல்ல நாற்காலி போடுகிறார்கள். எனக்கு நாற்காலியைக் கண்டாலே பயமாக இருக்கிறது. உங்கள் ஊரிலும் எனக்கு நாற்காலிதான் கிடைத்தது.

என்னை வேலைக்காரனாக நடத்த முடியும் என்றால் எழுதுங்கள்.

முன்சிஃப்


ஐன் ரும்மான்,
16 பிப்ரவரி

இன்ஜினியர் அவர்களுக்கு,

கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

பதினொரு பேர் வந்தார்கள். அறிக்கையை நின்றுகொண்டு படித்தேன். சுண்ணாம்பு என்ற சொல் வந்ததுமே ஹாஜி அம்மார் கைத்தடியைத் தட்டினார்.

"நாங்க நாலு தலைமுறையா இதக் குடிக்கிறோம். எனக்கு எழுபத்தஞ்சு வயசு. நான் என்ன கல்லாவா ஆயிட்டேன்?"

பின்வரிசையில் ஷாத்லியா அக்கா உட்கார்ந்திருந்தார். எட்டு நோயாளிகளில் மூத்தவர் அவர். நாவு கொஞ்சம் கூர்மை.

"நீங்க ஆகல ஹாஜி. உங்க வீட்டுக் கெட்டில் ஆயிருக்கும். எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாக்கலாம்."

"எதுக்கு என் கெட்டில்? உன் கெட்டில எடுத்துட்டு வா."

"என்னுது நாலு மாசம் முன்னாடி வாங்குனது. உங்களுது உங்க கல்யாணத்துக்கு வந்தது. ஊருக்கே தெரியும்."

கமீஸ் ஓடிப்போய்க் கொண்டுவந்துவிட்டார், உங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. மூடியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்துத் தட்டினார். ஒரு வெள்ளை ஓடு முழுசாகக் கழன்று விழுந்தது. உள்ளே இன்னொரு கெட்டில் இருந்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் தரையைப் பார்த்தோம். முதலில் சிரித்தது ஹாஜியின் தம்பிதான்.

ஹாஜி அந்த ஓட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுதான் மெஷினுக்குள்ள போகுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அத அந்த ஸ்ஃபாக்ஸ்காரன் அன்னிக்கே கெட்டில வெச்சுச் சொல்லியிருக்கலாம்ல? ஊத்தப் பத்திப் பேசுனா எப்படி?" என்றார். இதைவிட மேலான மன்னிப்பு அவரிடமிருந்து வராது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாட்டுத் தீர்மானம். உங்களுக்கு விருந்து வைக்கக்கூடாது என்று நான் முன்மொழிந்தபோது, இரண்டு வருடத்தில் நடந்த எந்தக் கூட்டத்திலும் வராத சண்டை வந்தது. "அப்ப டீயாவது?" என்றார் ஒருவர். "டீ வேலைக்கு நடுவுல குடுக்கலாம், ஆனா அவரு நின்னுக்கிட்டுத்தான் குடிக்கணும்" என்றார் ஷாத்லியா அக்கா. ஆறுக்கு ஐந்தில் நிறைவேறியது.

கற்றுக்கொள்ள இரண்டு பேர்: கமீஸ் ஒருவர். இன்னொருவர் உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் விதாத். அவளுக்கு நாற்பது வயது, எதையும் இரண்டு முறை கழுவுவாள், யாரையும் நம்ப மாட்டாள். உங்களுக்குச் சரியாக வரும்.

மார்ச் 4, சனிக்கிழமை. தாள் கதவில் ஒட்டியாயிற்று. சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நகல் ஒன்று எடுத்து விதாத்திடம் கொடுத்திருக்கிறேன். தொலைத்துவிடாதீர்கள்.

நஸீஹா


ஸ்ஃபாக்ஸ்,
7 மார்ச்

நஸீஹா மேடம்,

சனிக்கிழமை ஏழு மணி நேரம் வேலை செய்தேன். உப்புத் தொட்டியை அமைத்துவிட்டோம், தண்ணீரின் சுண்ணாம்பை அது இழுத்துக்கொள்ளும். நின்றுகொண்டே டீ குடித்தேன். ஹாஜி அம்மார் ஜன்னலுக்கு வெளியே கையில் மூடிய பாத்திரத்தோடு நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். அப்படி எழுத முடியவில்லை.

காலையில் நீங்கள் வரவில்லை. இவ்வளவு தூரம் அழைத்துவிட்டு, விருந்து இல்லை என்றதும் செயலாளரும் இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. மத்தியானம் கமீஸிடம் குத்தலாகவே கேட்டேன், "உங்க மேடம் சனிக்கிழமை லீவா?" என்று. அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், சனிக்கிழமை அவங்க முறை. செவ்வா, வியாழன், சனி. வேன்ல போயிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது மேடம். அறிவிப்பில் "எட்டு நோயாளிகள்" என்று எழுதினீர்கள். ஐந்து மாதம், இத்தனை கடிதம், மூன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த எட்டுப் பேரில் ஒருவர் நீங்கள் என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? நான் உங்களுக்கு அந்தக் கண்ணாடிச் சட்டங்களைத் திருப்பி அனுப்பினேன். "வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். யாரிடம் அப்படி எழுதினேன் என்று தெரிந்த பிறகு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சொல்லியிருந்தால் நான் அந்தக் கூஸ்கூஸைப் பத்துத் தடவை வேண்டுமானாலும் வாய்மூடிச் சாப்பிட்டிருப்பேன்.

ஏன் மறைத்தீர்கள்?

முன்சிஃப்


மருத்துவமனையில், சனிக்கிழமை,
11 மார்ச்

இன்ஜினியர் முன்சிஃப் அவர்களுக்கு,

அதனால்தான் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நீங்கள் பத்துத் தடவை கூஸ்கூஸ் சாப்பிட்டிருப்பீர்கள். திட்டியிருக்க மாட்டீர்கள். சங்கம் அப்படியே விருந்து வைத்துக்கொண்டே இருந்திருக்கும், இயந்திரம் துணிக்குள்ளேயே இருந்திருக்கும். உங்கள் கோபம்தான் எங்களுக்கு வேலை செய்தது. அதை நான் கெடுத்துக்கொள்வேனா?

எனக்கு நோய் வந்து ஐந்து வருடம். வந்த முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். "நான் நோயாளி" என்று ஆரம்பித்தால் ஆரஞ்சுப் பழம் வருகிறது. பேரீச்சை வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆள் வருகிறது. தண்ணீர் தெரிந்த ஆள் வரவில்லை. பரிதாபப்பட்டு வருகிறவர் தன் மனம் ஆறியதும் போய்விடுவார். வேலையைப் பார்த்து வருகிறவர் வேலை முடியும்வரை இருப்பார். அதனால்தான் அறிவிப்பில் ஆறு நாள் என்று எழுதினேன், தண்ணீர் என்று எழுதினேன், என்னை எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு நாற்காலி பயம் என்றீர்கள், எனக்கும் இதைப் பிடிக்காதுதான். நான்கு மணி நேரம். இடது கையில் ஊசி, அதை அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதானே இருக்கிறது. அந்த முப்பத்தொரு கடிதங்களையும் இங்கே இருந்துதான் எழுதினேன். உங்களுக்கு எழுதியவற்றையும்தான். இங்கே இருக்கும் நர்ஸ் பெண்கள் நல்லவர்கள், கீழே பலகை வைத்துக் கொடுப்பார்கள். "யாருக்கு மேடம் இவ்வளவு எழுதறீங்க, மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்று கேலி செய்வார்கள். ஆமாம், மெஷினுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்பேன்.

வேனில் திரும்பும்போது ஷாத்லியா அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குவார். எண்பத்திரண்டு கிலோமீட்டர், நூற்றுப் பதினேழு வளைவு. நான் பூகோள ஆசிரியை, எண்ணிவிட்டேன். குளிர்காலத்தில் பாதை மூடினால் மறுநாள்தான் போக முடியும். அந்த மறுநாள் எப்படி இருக்கும் என்று எழுத மாட்டேன், அதை எழுதினால் நீங்கள் ஆரஞ்சு வாங்கிவிடுவீர்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கான வேலை கதவில் ஒட்டியிருக்கிறது. அதைச் செய்யுங்கள். நீங்கள் பழக்கூடையோடு வந்தீர்கள் என்று கமீஸ் சொன்னால் நான்காவது பாராட்டுப் பத்திரம் அச்சடிப்பேன், ஜாக்கிரதை.

நஸீஹா


ஸ்ஃபாக்ஸ்,
12 ஏப்ரல்

நஸீஹா மேடம்,

பழம் கொண்டுவரவில்லை. கமீஸ் சாட்சி.

கெட்ட செய்தியை முதலில் எழுதுகிறேன். தலைநகர ஆய்வுக்கூடத்தில் நம் தண்ணீர் தேறவில்லை. சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை, ஆனால் கிருமி இருக்கிறது. கடிதம் வந்ததும் ஆய்வுக்கூடக்காரர்கள் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முப்பத்து நான்கு வருட அனுபவம் அப்படித்தான் பேசும்.

அன்று சாயங்காலம் விதாத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பாட்டில நான் மூணு தடவ கழுவுனேன். தப்பு அதுல இல்ல. வடக்கு மூலையில ஒரு குழா மூடி போட்டு நிக்குதே, அது எதுக்கு?"

"அது பின்னாடி அஞ்சாவது மெஷின் வந்தா மாட்டிக்கிறதுக்கு."

"அதுக்குள்ள தண்ணி போகுது, வெளிய வரல. அங்கேயே நின்னுக்கிட்டு இருக்கு. நின்ன தண்ணியில என்ன வளரும்னு எங்க ஸ்கூல்ல பத்தாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியும் சார்."

நான் பதினைந்து நிமிடம் வாதாடினேன். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தேன். அவள் சொன்னது சரி. அந்த முட்டுச்சந்துக் குழாயை வரைந்தது என் கை. என்றைக்கோ வரப்போகும் ஐந்தாவது இயந்திரத்துக்கு நான் போட்ட தாராளம், இருக்கிற நான்கையும் கெடுத்துவிட்டது. கூஸ்கூஸில் உங்கள் ஊர்க்காரர்கள் செய்ததைக் குழாயில் நான் செய்திருக்கிறேன்.

பிழை என்னுடையது என்று கதவில் இருக்கும் தாளில் எழுதச் சொல்லுங்கள். என் பெயரோடு. கமீஸ் அதை வெட்டி அடைத்துவிட்டார், தொட்டி முழுவதையும் மருந்து போட்டுக் கழுவியாயிற்று. புது மாதிரி நேற்றுப் போயிருக்கிறது.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தொழிற்சாலையில் என் கீழ் நாற்பது பேர் வேலை செய்தார்கள். என் வரைபடத்தில் பிழை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. விதாத் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை வேலையில் சேர்ந்த புதிதில்கூட வந்ததில்லை. இனி நான் வராவிட்டாலும் அந்தத் தண்ணீருக்கு ஆள் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் அறிவிப்பைக் காப்பியடித்துவிட்டேன். இரண்டு பேருக்கு எழுதினேன், ஒரு வேலை, இத்தனை நாள், சாப்பாடு கிடையாது என்று. டயாலிசிஸ் பிரிவில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஃபவ்ஸியா மேடம் இரண்டு வாரம் தங்கி உங்கள் ஊர் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறார். நீங்கள் ரோமானிய இடிபாடு காட்டி அனுப்பிய மருத்துவரையும் பிடித்துவிட்டேன். "எனக்கு அங்க வேலை இருக்குன்னு அன்னிக்கு யாருமே சொல்லலியே" என்றார். வாரம் ஒரு நாள் வரச் சம்மதித்திருக்கிறார்.

முன்சிஃப்


ஐன் ரும்மான்,
9 மே, செவ்வாய்

முன்சிஃப் அண்ணா,

இப்படி அழைக்கலாம் என்று இன்று காலைதான் முடிவு செய்தேன். காரணம் கடிதத்தின் கடைசியில் வரும்.

தண்ணீர் தேறியது உங்களுக்குத் தெரியும். விதாத் ஆய்வுக்கூடத் தாளை எடுத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தாள். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் அறையில் நின்று, "இத எந்தக் கம்பெனி செஞ்சுது?" என்று கேட்டார். கமீஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எந்தக் கம்பெனியும் இல்ல. நாங்க மூணு பேரு" என்றார். அதைக் கேட்க நான் அங்கே இருந்தேன், அன்றைக்கு என் முறை இல்லை. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்த மூன்று சொல்லுக்காக இன்னொரு ஐந்து வருடம் வேனில் போகச் சொன்னாலும் போவேன் என்று அப்போது தோன்றியது. நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை திறந்தோம். முதல் நாற்காலியில் ஷாத்லியா அக்கா, அவர் முறையைத் திங்களுக்கு மாற்றிவிட்டோம். ஊசி போட்டதும், "வேன்ல தூங்குறதுக்கு இனிமே எங்க போவேன்?" என்று கேட்டார். ஃபவ்ஸியா மேடம் உட்பட எல்லோரும் அழுதோம். ஷாத்லியா அக்கா மட்டும் அழவில்லை, எங்களைத் திட்டினார்.

விருந்து இல்லை. மேயர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலி போடாததால் நின்றுவிட்டுப் போனார். ஹாஜி அம்மார் மட்டும் தன் கெட்டிலோடு வந்தார். உள்ளே பளபளவென்று தேய்த்திருந்தார். விதாத்திடம் கெஞ்சி ஒரு கெட்டில் சுத்தத் தண்ணீர் வாங்கி, வாசலில் டீ போட்டார். ஒரு வாய் குடித்தார்.

"சப்புனு இருக்கு. ருசியே இல்ல," என்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். பிறகு வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "குடிச்சுப் பாரு, ருசியே இல்ல பாரு, எங்க ஊத்துத் தண்ணிதான் இது, நாங்களே இப்படி ஆக்குனோம்" என்று சாயங்காலம்வரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்று என் முறை. இதை என் ஊரில் இருந்து, என் நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து நடந்து வந்தேன், எட்டு நிமிடம், ஒரே ஒரு வளைவு. இடது கையில் ஊசி. எதிரே கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் தண்ணீர் அறை தெரிகிறது. விதாத் உள்ளே நின்று அளந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சுவரில் உங்கள் மூன்று சட்டங்களையும் மாட்டியிருக்கிறோம், நல்ல கண்ணாடி என்று அன்றைக்கே எழுதினேனே. முதலாவதில் ஆய்வுக்கூடத் தாள் இருக்கிறது. இரண்டாவதில் ஹாஜியின் கெட்டிலிலிருந்து விழுந்த சுண்ணாம்பு ஓடு, அதை அவரேதான் வைக்கச் சொன்னார். மூன்றாவதில் வேலைப் பட்டியல். விதாத், தினமும் சோதனை. கமீஸ், உப்புத் தொட்டி, திங்களும் வியாழனும். முன்சிஃப், வடிகட்டி, மாதம் ஒரு சனி. இன்ஜினியர் என்று போடவில்லை, நீங்கள் கேட்டபடியே.

ஆறு நாள்தான் கேட்டேன், நீங்கள் எப்போதோ அதைத் தாண்டிவிட்டீர்கள் என்பதும் தெரியும். பட்டியலில் பெயரைப் போடும்போது உங்களைக் கேட்கவில்லை. வீட்டு ஆளைக் கேட்டுக்கொண்டா வேலை கொடுப்பார்கள்?

திறப்பு நாளுக்கு உங்களை அழைக்கவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். அழைக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு வந்தது. ஹாஜி அம்மார்தான் கைத்தடியைத் தட்டினார். "விருந்தாளியத்தான் கூப்புடுவாங்க. அவன் எதுக்கு? அவன் வேலை நாள்ல வருவான்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் அண்ணா என்று எழுதுகிறேன்.

இந்த மாதம் உங்கள் சனி 13ஆம் தேதி. அன்றைக்கு என் முறையும்கூட. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், வேலையில் தப்பு செய்தால் கண்ணாடியைத் தட்டுவேன்.

நஸீஹா


ஸ்ஃபாக்ஸ்,
11 மே

தங்கச்சி நஸீஹா,

உன் கடிதத்தை மகனுக்கும் மருமகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அழைக்கவே இல்லியா? என்ன ஊருப்பா அது?" என்றான் மகன். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். சாவி என்னிடம் இருக்கிறது.

முன்சிஃப்